இடுப்பு எது, கணு எது? கால் எலும்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசியோதெரபி மாணவர்களுக்கு எலும்பு வகுப்பு தொடங்கும் நாளில் நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதில்லை. "இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது? உங்கள் உடம்பிலேயே கை வைத்துக் காட்டுங்கள்" என்பேன். பெரும்பாலானோரின் கை பெல்ட் கட்டும் இடத்துக்குப் போகும். சிலர் முதுகின் அடியைப் பிடிப்பார்கள். இரண்டுமே தவறு. பெல்ட்டுக்கு அடியில் கைக்குத் தட்டுப்படுவது இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. மூட்டு அதற்கும் கீழே, தொடையும் அடிவயிறும் சேர்கிற மடிப்புக்குள் ஆழத்தில் இருக்கிறது.

மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழில் சேலை செருகுவதும் இடுப்பில்தான், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இடுப்பில்தான், முதுகின் அடிப்பக்கம் வலித்தாலும் இடுப்பு வலிதான். ஆனால் இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்கு வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். சில நேரம் முட்டியில் மட்டுமே வரும். இரண்டு மூட்டுக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்புகள் பொதுவானவை என்பதால் இப்படி நடக்கிறது. முட்டி வலி என்று ஒரு பிள்ளை நொண்டிக்கொண்டு வந்து, முட்டியில் ஒன்றும் தெரியாவிட்டால், இடுப்பு மூட்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். வளரும் வயதில் தொடையெலும்பின் தலை தன் இடத்திலிருந்து நழுவும் கோளாறு ஒன்று உண்டு. முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் அது கண்ணில் படாது.

இன்னொரு குழப்பம், "பாட்டி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது" என்பது. அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் உடைந்திருப்பது இடுப்பெலும்பே அல்ல, தொடையெலும்பின் மேல்முனை. தொடையெலும்பு நேரான குச்சி இல்லை. மேலே ஒரு பந்து, அதைத் தாங்கும் குறுகலான கழுத்து, அதன் கீழே நீளத் தண்டு. கழுத்தும் தண்டும் பெரியவர்களுக்குச் சுமார் 125 பாகை கோணத்தில் சேர்கின்றன. வயதாகி எலும்பு மெலியும்போது முறிவது அந்தக் கழுத்தோ, அதை ஒட்டிய பகுதியோதான்.

என் அப்பாவின் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சுளுக்கு என்று நினைத்து மூன்று நாள் எண்ணெய் தேய்த்தோம். பாயில் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு பாதம் கூரையைப் பார்த்து நிற்க, மற்றொன்று வெளிப்பக்கமாகச் சாய்ந்து தரையைத் தொட்டுக் கிடந்தது. அந்தக் கால் சற்றே குட்டையாகவும் தெரிந்தது. தினமும் பார்த்தோம், என்னவென்று யாருக்கும் புரியவில்லை. விழுந்த பெரியவரின் கால் இப்படிக் குட்டையாகி வெளியே திரும்பிக் கிடந்தால், தேய்க்கக் கூடாது, நடக்க வைத்துப் பார்க்கவும் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் பெரும்பாலும் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து விலகினால் அவையும் கிழியலாம், ரத்தம் கிடைக்காத பந்து செத்துப்போகலாம்.

சரி, முட்டிக்குக் கீழே வருவோம். அங்கே உள்ள இரண்டு நீள எலும்புகளான டிபியாவையும் ஃபிபுலாவையும் முன்னெலும்பு, பின்னெலும்பு என்று படித்தவர்கள், ஃபிபுலா நேர் பின்னால் இருப்பதாகவே கடைசிவரை நினைத்துக்கொள்கிறார்கள். அது சுண்டுவிரல் பக்கம், சற்றே பின்தள்ளி இருக்கிறது. டிபியா உள்ளெலும்பு, ஃபிபுலா வெளியெலும்பு என்று மனதில் வைத்தால் குழப்பமே இல்லை. கால் முன்பக்கத்தை விரலால் நீவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் கத்தி விளிம்பு மாதிரி ஓடுவது டிபியா. மேலே சதைப் போர்வை இல்லாததால்தான் கட்டில் காலில் இடித்தால் உயிர் போகிறது. விபத்தில் முறியும்போது அது தோலைக் கிழித்துக்கொண்டு எளிதில் வெளியே வருவதும் அதனால்தான்.

முட்டிக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கத்தில் ஒரு குமிழ் தட்டுப்படும். அது ஃபிபுலாவின் தலை. அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கவைக்கும் நரம்பு போகிறது. மாவுக்கட்டோ துணிக்கட்டோ அந்த இடத்தில் இறுகினால் பாதம் தொங்கிப்போகலாம். கட்டுப் போட்ட பிறகு கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்ப்பது அதற்காகத்தான். இதை எந்த மாணவரும் விடக் கூடாது.

கணுக்காலின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் கணுவைத் தனி எலும்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்பக்கம் இருப்பது டிபியாவின் நுனி, வெளிப்பக்கம் இருப்பது ஃபிபுலாவின் நுனி. இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் வெளிப்பக்கத்தது கீழே இறங்கியிருப்பது தெரியும்.

கால் பிசகியதும் "நடக்க முடியுதில்ல, அப்ப எலும்பு உடையலை" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது டிபியா என்பதால், ஃபிபுலா முறிந்தும் சிலரால் நடக்க முடியும். கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீலும் உடன் இருந்தவர்களும் 1992இல் இதற்கென்றே ஒரு விதியை வெளியிட்டார்கள். ஏதாவது ஒரு கணுவின் பின்விளிம்பை, நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் மருத்துவர் பார்க்கும்போதும் நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலும் எடுக்க வேண்டும். நடக்க முடிகிறது என்பது மட்டும் போதாது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். எல்லாவற்றையும் இங்கே சொல்லப்போவதில்லை. குதிகால் எலும்பைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். பனை, தென்னை ஏறுகிறவர்களும் சாரத்தில் நிற்கும் கொத்தனார்களும் விழுந்து காலூன்றினால் முதலில் நொறுங்குவது அதுதான். வீங்கிய குதிகாலைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்துவது பெரிய தவறு. அதே அதிர்ச்சி மேலேறி முதுகெலும்பையும் உடைத்திருக்கலாம், அதையும் பார்த்தாக வேண்டும். அப்புறம், எக்ஸ்ரேயில் குதிமுள், அதாவது குதிகால் எலும்பில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வளர்ச்சி, தெரிந்தால் அதுதான் குத்துகிறது என்று பயப்படாதீர்கள். முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறைய. காலையில் முதல் அடி வைக்கும்போது வரும் வலி, பெரும்பாலும் உள்ளங்கால் தசைநார்ப் பட்டையிலிருந்து வருவது.

கடைசியாக, சுண்டுவிரலுக்கு நேரே, பாதத்தின் வெளிவிளிம்பில் பாதித் தூரத்தில் புடைத்திருக்கும் மேடு. அது ஐந்தாவது மெட்டாடார்சலின், அதாவது சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீள எலும்பின், அடிப்பகுதி. 1902இல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற அறுவை மருத்துவர், நடனமாடும்போது தன் காலிலேயே அதன் அருகில் ஏற்பட்ட முறிவை விவரித்து எழுதினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் அந்த மேட்டை ஒட்டி ஒரு கோடு தெரிந்தால் உடனே முறிவு என்று சொல்லிவிடாதீர்கள். எலும்பின் நீளவாக்கில் ஓடினால் அது பெரும்பாலும் வளர்ச்சிக் கோடு, அதாவது எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இடம். முறிவு பெரும்பாலும் குறுக்கே ஓடும். படத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த மேட்டை ஒரு விரலால் அழுத்தி, பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.