கஸ்டம் கிட்டார் வேண்டுமா? முதலில் கடையின் கையிருப்பைப் பாருங்கள்

ஃபெண்டர் நிறுவனம் கேட்டபடி கிட்டார் செய்து தரும் பிரிவான கஸ்டம் ஷாப்பில் தனி ஆர்டர் கொடுக்கும் முன், பெரிய கடைகள் அங்கே தாங்களே சொல்லிச் செய்து வாங்கி வைத்திருக்கும் கிட்டார்களைப் பாருங்கள். அமெரிக்காவின் வைல்ட்வுட் கிட்டார்ஸ் விற்கும் ‘வைல்ட்வுட் 10’ வரிசை அப்படிப்பட்டதுதான். கழுத்தின் வடிவம், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்), ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அளவு எல்லாவற்றையும் கடைக்காரர்களே தேர்ந்தெடுத்திருப்பார்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

இதில் பெரிய லாபம் எடைதான். மரம் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒரே வரிசையில் ஒன்று 3.3 கிலோ, இன்னொன்று 3.8 கிலோ என்று வரும். இரண்டு மணி நேரம் தோளில் மாட்டி வாசிப்பவருக்கு அந்த அரைக் கிலோ சும்மா இல்லை. இத்தகைய கடைகள் ஒவ்வொரு கிட்டாரின் எடையையும் படத்தையும் சீரியல் எண்ணோடு போடுவதால், குறிப்பிட்ட அந்த ஒன்றையே எடுக்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பித் தரவும் பெரும்பாலும் வழி உண்டு. நீங்களே சொல்லிச் செய்ததற்கு அது அரிது.

இடதுகைக்காரர்களுக்கும், வழக்கத்தில் இல்லாத கழுத்து அளவு கேட்பவர்களுக்கும் இது உதவாது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.