நேபுகாத்நேச்சாரின் சிலைக் கனவை வேதப்பாடத்தில் எப்படிப் படிப்பது

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு வேதப்பாடத்துக்கு வரும் பிள்ளைகள், தானியேல் 2ஆம் அதிகாரம் என்றதுமே, "அக்கா, கால்விரல் எல்லாம் இப்ப எந்தெந்த நாடு?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் பாடம் நடத்தினாலும் இதே கேள்வி வரும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில் பிரிஸ்டல் போர்டில் சிலையை வரையுங்கள். தலை பொன், மார்பும் புயங்களும் வெள்ளி, வயிறும் தொடையும் வெண்கலம், கால்கள் இரும்பு, பாதங்கள் இரும்பும் களிமண்ணும். ஒவ்வொரு பகுதியும் குறிக்கும் ராஜ்யத்தின் பெயரை உடனே எழுதிவிடாதீர்கள். 31 முதல் 45 வரையுள்ள வசனங்களை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். தானியேல் பெயர் சொல்லிக் காட்டுவது பொன் தலையை மட்டும்தான்: அது பாபிலோன் ராஜாவான நேபுகாத்நேச்சார். அதை எழுதுங்கள்.

அப்புறம் தானியேல் 8:20, 21. அங்கே மேதியாவும் பெர்சியாவும் ஒரே ஆட்டுக்கடா, அடுத்தது கிரேக்கு. முற்காலத் திருச்சபை அறிஞர் ஜெரோமும் வெள்ளியை மேதிய பெர்சியா, வெண்கலத்தைக் கிரேக்கு, இரும்பை ரோம் என்றே எடுத்தார். மேதியாவையும் பெர்சியாவையும் தனித்தனியாக எண்ணி, கிரேக்கை நான்காவதாக வைக்கும் அறிஞர்களும் பலர். இரண்டையும் சொல்லுங்கள், எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது. விரல்களுக்கோ இந்த அதிகாரம் எண்ணிக்கைகூடச் சொல்லவில்லை. பத்து என்ற எண் வருவது 7ஆம் அதிகாரத்தில், நான்காம் மிருகத்தின் கொம்புகளுக்கு. பேப்பரைப் பார்த்து விரலுக்கொரு நாடு ஒட்டுவதை விட்டுவிடுங்கள்.

மிச்ச நேரம் முழுவதும் கல்லுக்குத்தான். யார் கையும் படாமல் பெயர்ந்த கல் பாதங்களில் மோத, சிலை பதராகப் பறக்கிறது. கல்லோ மலையாகிப் பூமியை நிரப்புகிறது. லூக்கா 20:17, 18ஐச் சேர்த்து வாசியுங்கள். கட்டுகிறவர்கள் தள்ளிய கல், யார்மேல் விழுமோ அவனை நசுக்கும் கல் என்று இயேசு அங்கே தம்மைத்தான் சொல்கிறார்.

"அப்ப மலை நம்ம சபையா?" என்று யாராவது கேட்பார்கள். மலையாக வளர்ந்தது திருச்சபை என்று முற்கால ஆயர் அகுஸ்தீன் சொன்னது உண்மை. ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு இதை மேலோட்டமாகச் சொல்லக் கூடாது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள்; அதன் கற்களை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். அவர்களும் கிறிஸ்துவின் பெயரைச் சொன்னவர்கள்தான். அது மனிதக் கை பெயர்த்த கல். 1639இல் ஒல்லாந்தருக்கும் 1795இல் ஆங்கிலேயருக்கும் அந்தக் கோட்டை கைமாறிப் போனது. அது சிலையோடு சேர்ந்தது, கல்லோடு அல்ல என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்களோடு வகுப்பில் இருக்கும் சைவப் பிள்ளைகளுக்கு அந்த இடிப்புக் கதை நன்றாகத் தெரியும்.

முடிக்கும்போது 2ஆம் அதிகாரம் 20 முதல் 23 வரையுள்ள துதியை எல்லோருமாக வாசியுங்கள். கனவு வெளிப்பட்டதும், ராஜாவிடம் போகுமுன் தானியேல் ஏறெடுத்த ஜெபம் அது.