செண்பகம்: கன்று வாங்கும் முன் குழியைச் சோதியுங்கள்

வீட்டில் வைத்த செண்பகம் பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேரில் தேங்கும் தண்ணீர்தான். இதமான வெயிலும் ஈரக்காற்றும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இது 100 அடி வரை வளரும். அங்கே மண் இலைமக்கு நிறைந்தது, சரிவில் நீர் நிற்காது. நம் தோட்டத்தில் அதைத்தான் உண்டாக்க வேண்டும்.

முதலில் 2 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் நல்லது. மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அந்தக் குழி வேண்டாம். ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அணைத்து மேட்டில் நடுங்கள். நிரப்பும் மண்ணுக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம், கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போதும். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள். உப்புக்காற்று நேரே அடிக்கும் இடத்தில் இலை கருகும்.

ஒட்டுக்கன்று இரண்டு, மூன்று ஆண்டுகளில் பூக்கும். விதைக்கன்றுக்கு எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். தண்டின் அடியில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் அதுதான் மரமாகும். வெள்ளைச் செண்பகம் பெரும்பாலும் விதை பிடிக்காது. அதை விதைக்கன்று என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

விதை போட்டுத்தான் வளர்க்க வேண்டுமானால் விதைப்பதில் தாமதிக்கக் கூடாது. காய் வெடித்துச் சிவப்பு விதை தெரிந்ததும் எடுத்து, ஒரு இரவு ஊறவைத்து, மணலோடு கசக்கிச் சிவப்புச் சதையை நீக்கி, உடனே அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். காயவைத்து டப்பாவில் எடுத்து வைத்த விதை பெரும்பாலும் முளைக்காது. முளைக்க ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும்.

நடும்போது பையைக் கத்தியால் கீறி எடுங்கள். வேர்மண் உதிர்ந்தால் கன்று சுணங்கிவிடும். ஒருமுறை நட்டதை இடம் மாற்றுவதும் அப்படித்தான். முதல் கோடையில் பிற்பகல் வெயிலுக்கு ஓலை மறைப்பும், தண்டைத் தொடாத மூடாக்கும் (மண்ணை மூடும் இலைதழை) அவசியம்.

மழைக்காலத்தில் இலை தொங்கினால் வாடுகிறது என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுபவர்கள் அதிகம். முதலில் அரை அடி தோண்டிப் பாருங்கள். மண் சொதசொதவென்று இருந்து நாற்றமடித்தால் வேர் அழுகல். தண்ணீரை நிறுத்தி வடிகால் வெட்டுங்கள்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணிலும், உப்பேறிய போர் தண்ணீர் பாய்ச்சும் இடத்திலும் இது சாதாரணம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து மறுபடியும். யூரியா போட்டால் மஞ்சள் போகாது, இலைதான் பெருகும்.

தண்டில் எறும்பு ஊர்ந்து, இலை கரிபிடித்தால், செதில்போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில்பூச்சியைத் தேடுங்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்து நீக்கி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு அடியுங்கள். பூ இலைக்கக்கத்தில் வருவதால் கண்டபடி கொம்பு வெட்டினால் அந்த ஆண்டுப் பூ குறையும். பூத்து முடிந்ததும் நுனியை மட்டும் வெட்டுங்கள்.