அவன், அவள், அவர்: லோகோ வரையும்போது சறுக்கும் இடங்கள்

காரைக்குடியில் எங்கள் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி மொழியில் ஆண் பெண் எப்படி நுழைகிறது என்று பேசுவார்கள். அவர்களுக்கு எழுத்தாலேயே ஒரு லோகோ வேண்டுமாம். சரி என்று உட்கார்ந்தேன், இரண்டு முறை சொதப்பினேன்.

முதல் சொதப்பலைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அவன், அவள், அவர் மூன்றிலும் 'அவ' பொது, கடைசி எழுத்துதான் பாலைக் காட்டுகிறது. அதனால் 'அவ' என்று தடியாக எழுதி கடைசி இடத்தைக் காலியாக விட்டேன், யார் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளட்டும் என்று. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் காட்டினால், கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "யாருப்பா அந்த அவ? என்ன பண்ணுனா?" என்றார்கள். அவ்வளவுதான். பேச்சில் அவள்தான் ளகரத்தை உதிர்த்து 'அவ' ஆகிறாள், அவர் 'அவரு' ஆகிறார். நான் காலி என்று நினைத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வரைவதற்கு முன் சொல்லை வாய்விட்டுப் படியுங்கள், அதுவும் டிசைன் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

'அவர்' போதுமே என்று தோன்றும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் 'திருநர்' என்ற சொல்லும் ர்-இல்தான் முடிகிறது. ஆனால் அவர் என்றதும் மரியாதை வந்து ஓர் அடி தள்ளி நிற்கிறது, கூடப் படித்தவளை யாரும் அவர் என்பதில்லை. அதற்காக 'அது' பக்கம் போய்விடாதீர்கள். குழந்தைக்கு அது செல்லம், வளர்ந்தவருக்கு வசை.

படர்க்கையில்தான் இந்தச் சிக்கல் என்பது எனக்கு இரண்டாவது முறைதான் உறைத்தது. வந்தேன், வந்தாய் என்பதில் ஆணா பெண்ணா தெரியாது, எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பேசும்போதுதான் வந்தானா வந்தாளா என்று மொழி கேட்கிறது. உடனே 'நீ' என்று வரைந்தேன், ஒரே எழுத்து, புள்ளிகூடக் கிடையாது, லோகோவுக்கு இதைவிட என்ன வேண்டும். ஆச்சி விடவில்லை: "செவத்துல எழுதிப்போட்டா பெரியவுகளையும்ல 'நீ'ங்குது?" கடைசியில் 'நாம்' என்று முடிந்தது. 'நாங்கள்' என்று போட்டிருந்தால் பார்க்கிறவர் வெளியே நின்றிருப்பார்.

'ஆண்', 'பெண்' இரண்டும் ண்-இல் முடிவதால் ஒரே ண்-ஐ இருவருக்கும் பங்கு வைக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். பார்க்க அழகுதான், ஆனால் உலகத்தில் இரண்டே பேர் என்று சொல்லிவிடும். ஆ-வுக்கு மீசை, கொம்புக்குப் பின்னல், நீலம், ரோஸ், இவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒருவர் தமிழ்த்தாயையே போடலாமே என்றார். காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயிலே இருக்கிறது, கம்பன் மணிமண்டப வளாகத்தில். மொழியை ஏன் தாயாகவே பார்க்கிறோம் என்பது எங்கள் கூட்டத்தில் இன்னும் பேசித் தீராத கேள்வி, அதற்குப் பதிலை லோகோவிலேயே எழுதிவிட்டால் அப்புறம் கூட்டம் எதற்கு?

வரையும்போது இன்னொன்று. இருக்கும் ஃபான்ட்டை இழுத்து அகலமாக்காதீர்கள், குறுக்குக்கோடு ஒரு தடிமன் நெடுக்குக்கோடு ஒரு தடிமன் என்று எழுத்து நோஞ்சானாகிவிடும். பக்கத்துக் கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா, அவர் சேர்த்த புத்தகங்களில் இருந்துதான் சென்னையில் அவர் பெயரிலான நூலகம் வந்தது, தொழிலில் பெயர்ப்பலகை எழுதியவர். அந்தத் தலைமுறை எழுதிய பலகை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள், இடம் குறைந்தால் எழுத்தையே புதிதாக வளைத்திருப்பார்கள். துணைக்காலில் கவனம், அழகுக்காகக் கீழே ஒரு வால் இழுத்தால் 'நாம்' போய் 'நரம்' ஆகிவிடும்.

புள்ளியையும் சின்ன அளவில் சோதியுங்கள். ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்காமலே விட்டார்கள், படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். இன்று ஃபோனில் புள்ளி காணாமல் போனால் 'அவன்' 'அவன' ஆகி முழிக்கும். எங்கள் லோகோவை விரல்நகம் அளவுக்குச் சுருக்கியபோதும் புள்ளி மறைந்தது. 'நாம' என்று நின்றது. ஆச்சி அதைத்தான் தடுமாறாமல் படித்தார்கள்.