துணி போகும் கம்பெனிக்குப் பின்னால் போங்கள்

எனக்கு வேலை போனது 2025 செப்டம்பரில். திருப்பூரில் பதினேழு வருடமாக மெர்ச்சண்டைசர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆர்டரை சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்பவன். கடைசி பனியன் கம்பெனியில் மட்டும் ஒன்பது வருடம். ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீத வரி போட்டது, 27-ஆம் தேதி அது 50 ஆனது. எங்கள் ஆர்டரில் முக்கால் பங்கு அமெரிக்க பையர்களுடையது. கட்டிங் முடித்த துணி கட்டுக் கட்டாக டேபிளில் கிடந்தது, தைக்கச் சொல்ல ஆளில்லை. "ஆர்டர் வந்ததும் கூப்பிடறோமுங்க" என்று சொல்லி ஐந்து பேரை அனுப்பினார்கள். அதில் நானும் ஒருவன்.

நாலு மாதம் கழித்து வேறு கம்பெனியில் சேர்ந்தேன். அந்த நாலு மாதத்தில் பட்டதை வைத்து எழுதுகிறேன். டெய்லர், செக்கிங், அயர்னிங் ஆட்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. அவர்களுக்கு கம்பெனி வாசல் போர்டும் கரண்ட் கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸுமே போதும். மெர்ச்சண்டைசர், கியூசி (தரம் பார்ப்பவர்), புரொடக்‌ஷன் மேனேஜர் மாதிரி மாதச் சம்பள ஆட்களுக்கு யாரும் போர்டு வைப்பதில்லை. சிக்கல் அங்கேதான்.

வேலை தேடப் போகும் முன், பழைய கம்பெனிக் கணக்கை முடியுங்கள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். ஒரு மாதம் போனால் ஹெச்ஆர் பெண்ணே மாறியிருப்பார். ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்குங்கள். என் அடிப்படை 16,000. ஒன்பது வருடத்துக்கு 83,077 ரூபாய் வந்தது. வாயால் கேட்டபோது "பார்க்கலாம்" என்றார்கள். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் செக் வந்தது.

பிஎஃப் கணக்கில் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் பணம் எடுக்கும்போது இடறும். கம்பெனி ஏற்றவில்லை என்றால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓடிபி வைத்து நாமே ஆன்லைனில் பதியலாம். இதற்காக ஏஜென்டிடம் 500, 1,000 கொடுக்காதீர்கள். வீட்டில் யாருக்காவது இஎஸ்ஐ இருந்தால் அந்தக் கார்டில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். கணவனோ மனைவியோ, இருவருமே குடும்பக் கணக்கில் வருவார்கள். என் மனைவி செக்கிங்கில் இருக்கிறார். அக்டோபரில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் கார்டுதான் காப்பாற்றியது.

முதல் மாதம் நான் செய்தது முழுக்க வீண். நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் அறுபது இடத்துக்கு ரெஸ்யூம் போட்டேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்து "ஏதாவது இருந்தா சொல்லுங்க பாஸ்" என்றேன். எல்லோரும் "கண்டிப்பா சொல்றேன்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதே வாரத்தில் அதே வார்த்தையை இன்னும் பத்துப் பேர் அவர்களிடம் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. அது நின்றால் ஒரே நேரத்தில் எத்தனை பேர் தெருவுக்கு வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வழி தெரிந்தது ஒரு டீக்கடையில். மங்கலம் ரோட்டில் டையிங் (சாயப்பட்டறை) பக்கம் பழைய பாக்கி ஒன்றைப் பேசப் போயிருந்தேன். கடை வாசலில் ஒரு குட்டியானை நின்றது. பின்னால் காம்பாக்டிங் (பிறகு சுருங்காமல் இருக்கத் துணியை அழுத்திப் பதப்படுத்துவது) முடிந்த துணி ரோல்கள். லெமன் மஞ்சள், பேபி பிங்க், வெளிர் பச்சை. ஒவ்வொரு ரோலிலும் பார்ட்டி பெயர், லாட் நம்பர், எடை எழுதிய சீட்டு. எத்தனை வருடமாக இந்தச் சீட்டைப் பார்க்கிறேன்! அன்றைக்குத்தான் அதை வேலை தேடுகிறவன் கண்ணால் படித்தேன். இந்த நிறங்கள் குழந்தைகளுக்கான சம்மர் சரக்கு. அமெரிக்க பையர் கையை விரித்த நேரத்தில் இவ்வளவு துணி ஓடுகிறது என்றால், அந்தக் கம்பெனியின் ஆர்டர் வேறு நாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். டிரைவருக்கு ஒரு டீ சொன்னேன்.

"இந்த பார்ட்டிக்கு அடிக்கடி லோடு போகுதுங்களாண்ணா?"

"பத்து நாளா தினமும் ரெண்டு நடைங்க. அவங்களுக்கு இடமே பத்தலைங்க, பக்கத்துல குடோன் புடிச்சிருக்காங்க."

இதை எந்த வேலைவாய்ப்புத் தளமும் சொல்லாது.

தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு ஆர்டர் வந்தால் முதலில் நூல் புக் ஆகும். அப்புறம் நூலைத் துணியாகப் பின்னும் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், அதன்பிறகு கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். அட்டைப்பெட்டி கடைசியில் வரும். ஆகவே பெட்டி சப்ளை செய்பவரிடம் கேட்டால் முடியப்போகிற வேலையைத்தான் சொல்வார். நிட்டிங்காரரும் டையிங் சூப்பர்வைசரும் வரப்போகிற வேலையைச் சொல்வார்கள். அவர்களிடம் "வேலை இருக்குங்களா" என்று கேட்டால் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றுவார்கள். "இப்ப யாருக்குத் துணி அதிகமா ஓடுதுங்க?" என்று கேளுங்கள், ஊர்க்கதையே வரும். இரண்டு வாரத்தில் என் நோட்டில் பதினொரு கம்பெனி சேர்ந்தது. பாதிக்கு மேல் ஐரோப்பா, பிரிட்டன் ஆர்டர். இரண்டு, உள்நாட்டு பிராண்டுகளுக்குச் செய்கிறவை. காதர்பேட்டை மொத்தக் கடைகள், உள்நாட்டு வியாபாரம் என்றாலே எக்ஸ்போர்ட் ஆட்கள் மூக்கைச் சுளிப்போம். நானும் சுளித்தவன்தான். அந்தச் சுளிப்புக்கு நவம்பரில் இடமில்லை.

கம்பெனிக்கு நேரில் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், அன்று சம்பளப் பட்டுவாடா. மாதக் கடைசியும் வேண்டாம், ஷிப்மென்ட் நெருக்கடியில் கத்திக்கொண்டிருப்பார்கள். செவ்வாய், புதன், காலை பதினொரு மணி எனக்குச் சரிப்பட்டது. கேட்டில் செக்யூரிட்டியிடம் ஹெச்ஆரைக் கேட்காமல், மெர்ச்சண்டைசிங் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தப் பதினொரு கம்பெனியில் நாலு இடத்தில் உள்ளே விட்டார்கள். மீதி இடங்களில் ரெஸ்யூமை வாங்கி மேசை டிராயரில் போட்டதோடு சரி.

ரெஸ்யூம் ஒரே பக்கம் போதும். "கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்வேன்" போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். மாதம் எத்தனை பீஸ் கையாண்டீர்கள், என்ன சரக்கு, எந்த நாட்டு பையர், சாம்பிள் அப்ரூவலிலிருந்து ஷிப்மென்ட் வரை எத்தனை நாள், கடைசி வருடம் எத்தனை ஆர்டர் தாமதமானது என்று எழுதுங்கள். தாமதத்தை மறைக்க வேண்டாம். என்னுடைய இரண்டு தாமதங்களையும் காரணத்தோடு எழுதியிருந்தேன். இன்டர்வியூவில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

இன்டர்வியூ என்றால் கேள்வி பதில் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒரு முதலாளி மேசையில் ஒரு டி-ஷர்ட்டை வீசி "காஸ்டிங் போடுங்க" என்றார், அதாவது அதைச் செய்ய எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. டேப் இருந்தது, தராசு இல்லை. விரலால் தடவிப் பார்த்து 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) என்றேன். அவர் டிராயரிலிருந்து வட்டக் கட்டரை எடுத்து, டி-ஷர்ட்டிலேயே ஒரு வட்டம் வெட்டி, பக்கத்து அறைத் தராசில் வைத்தார். 1.62 கிராம். அந்த வட்டம் 100 சதுர செ.மீ., ஆகவே நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் 162. வருடக்கணக்காக லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தே வேலை செய்ததில் விரல் மறந்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த எல்லா பனியனையும் தடவிப் பழகினேன், மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி போகும் என்ற கணக்கையும் தாளில் போட்டுப் பழகுங்கள். உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, மடிப்புக்கு 10, கூட்டினால் 104. மார்பகலம் 54, அதோடு 4, ஆக 58. 104-ஐ 58-ஆல் பெருக்கி, முன் பின் இரண்டுக்குமாக இரண்டால் பெருக்கினால் 12,064. அதை 160 ஜிஎஸ்எம்மால் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 193 கிராம். வேஸ்டேஜ் 10 சதவீதம் சேர்த்தால் பீஸுக்கு 212 கிராம். கால்குலேட்டர் கொடுப்பார்கள், எக்செல் கொடுக்க மாட்டார்கள்.

இடையில் வீட்டுச் செலவு இருக்கிறது. பையர்களுக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் பையிங் ஏஜென்சிகளுக்கு தினக்கூலிக்கு இன்ஸ்பெக்‌ஷன் போகலாம். நான் வாரம் இரண்டு நாள் போனேன். பணத்தைவிட, புதுக் கம்பெனிகளின் உள்ளே போக முடிந்தது பெரிய லாபம்.

பதிவுக் கட்டணம், வெரிஃபிகேஷன் டெபாசிட் என்று முன்பணம் கேட்கிறவனோடு பேச்சே வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். ஜோர்டான், எத்தியோப்பியா கார்மென்ட் வேலைகள் உண்மையிலேயே இருக்கின்றன, ஆனால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். டேட்டா என்ட்ரி என்று தாய்லாந்துக்குக் கூப்பிட்டால், 2022-இல் மியான்மரில் சிக்கி மீட்கப்பட்ட நம் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் எனக்கு வேலை கொடுத்தது அந்த லெமன் மஞ்சள் கம்பெனிதான். சேரும் முன் மூன்று விஷயம் கேட்டேன். அமெரிக்க ஆர்டர் எவ்வளவு, முதல் மாதமே பிஎஃப் பிடிப்பீர்களா, சம்பளம் எத்தனாம் தேதி. மூன்றாவது கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, பத்தாம் தேதி என்றார்கள். சம்பளம் பழையதைவிட 6,000 குறைவு. "ஆறு மாசத்துல பார்க்கலாமுங்க" என்றார் முதலாளி. அதை ஆஃபர் லெட்டரில் ஒரு வரியாக எழுதித் தரச் சொன்னேன். சிரித்தார், ஆனால் எழுதித் தந்தார். ஜூலையில் அந்தத் தாளோடு போய் நிற்பேன்.