பித்தளை விளக்கு சிவந்தால், பச்சை பிடித்தால்: கிணற்றடிச் செய்முறை

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் கிட்டுகிறது என்றால் வன்னியில் வீட்டுப் பித்தளைச் சாமான் எல்லாம் கிணற்றடிக்கு வந்துவிடும். போன வைகாசியில் பக்கத்து வளவுப் பிள்ளை தன் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, இரவு முழுக்கப் புளித்தண்ணியில ஊறப்போட்டனான். மினுங்கும் எண்டு பார்த்தா ரோஸ் நிறமாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே பிழையை நானும் 2010 இல் விட்டவள்தான். 2008 இல் போரால் இடம்பெயரும்போது அம்மா விளக்கையும் ஒரு தாம்பாளத்தையும் யூரியாப் பையில் சுற்றி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கிண்டி எடுத்தபோது விளக்கு பாசி பிடித்த கல்லைப்போல் இருந்தது. கண்டதையெல்லாம் போட்டுத் தேய்த்தேன். அந்தப் பாடத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வன்னி மண்ணில் பச்சை பிடித்துக் கிடப்பதெல்லாம் விளக்கல்ல. துப்பாக்கி ரவைக் கோதும் பித்தளைதான், 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் (துத்தநாகம்) கலந்தது. அதுவும் இதே பச்சைதான் பிடிக்கும். வெற்றுக் கோதா, வெடிக்காததா என்று மண்ணோடு பார்த்துச் சொல்ல முடியாது. கழுவிப் பார்ப்போம், பூச்சாடி செய்வோம் என்று கையில் எடுக்காதீர்கள். தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு பொலிஸ் அவசர இலக்கம் 119 க்கு அழையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

சரி, விளக்குக்கு வருவோம்.

தேய்க்க முதல்

ஒரு காந்தத்தை விளக்கின் எல்லாப் பகுதியிலும் வைத்துப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போதும். ஒட்டினால் அது இரும்பின்மேல் பித்தளை முலாம். அதற்குப் புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும், தேய்த்தால் முலாம் போய்விடும்.

ஒட்டாவிட்டால் விளக்கைக் கழற்றுங்கள். அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வரும். புரி இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். குறட்டால் திருகினால் தண்டில் காயம் விழும்.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு. இதை எடுக்காமல் புளி போட்டால் எண்ணெய் இருந்த இடம் கறுப்பாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் திட்டுத்திட்டாகத்தான் வரும். கொதித்த தண்ணீரில் சலவைத்தூள் கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். திரி வைக்கும் மூக்கில் பச்சைக் களிபோல ஒன்று ஒட்டியிருக்கும். எண்ணெயும் செம்பும் சேர்ந்து உண்டாவது அது. ஈர்க்கின் நுனியைச் சரிவாகச் சீவி அதனால் சுரண்டினால் சுருளாகக் கழன்று வரும்.

கறுப்பு, மண்ணிறம்

இதுதான் இலேசு. காற்றுப் பட்டு வரும் மங்கல். ஒரு லீற்றர் தண்ணீருக்குத் தேசிக்காய் அளவு பழப்புளி கரைத்து, பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தவுடன் எடுத்துவிட வேண்டும். பிறகு அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கரைத்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடையுங்கள்.

புது விளக்கில் திட்டுத்திட்டாகக் கறுப்பு வந்தால் காரணம் வேறு. கடையில் வரும்போதே மேலே பூசியிருந்த கண்ணாடி போன்ற வார்னிஷ் பூச்சு அங்கங்கே உரிந்திருக்கும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தள்ளி வைத்து, மிச்சப் பூச்சையும் எடுத்துவிட்டு அப்புறம் புளிக்குப் போங்கள்.

ரோஸ் நிறம்

அந்தப் பிள்ளையின் விளக்குக்கு நடந்தது இதுதான். செம்பைவிட நாகம் புளியில் சுலபமாகக் கரையும். நேரம் கூடக்கூட மேற்பரப்பில் நாகம் குறைந்து செம்பு மிஞ்சும். கரைந்த செம்பும் திரும்பி வந்து மேலே படியும். நேற்றுப் பாவித்த புளித்தண்ணீரை இன்றும் பாவித்தாலும், தண்ணீருக்குள் இரும்பு வாளியோ ஆணியோ இருந்தாலும் இது இன்னும் விரைவாக வரும். அதனால் மண்சட்டி அல்லது பிளாஸ்டிக் பேசின், ஒவ்வொரு முறையும் புதுக்கரைசல்.

வந்துவிட்டால் திரும்பவும் புளியில் போடாதீர்கள், இன்னும்தான் சிவக்கும். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். விறகுச் சாம்பலை மெல்லிய துணியில் இரண்டு தரம் அரித்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, பழைய பருத்தித் துணியால் ஒரே திசையில் தேய்த்தோம். கால்மணி நேரத்தில் தண்டின் வளையங்களுக்கு நடுவே மஞ்சள் எட்டிப் பார்த்தது. பிள்ளையின் முகமும் தெளிந்தது. உமிச்சாம்பல் இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் கீறும். அடித்தட்டுக்குப் பாவிக்கலாம், அன்னத்தின் முகத்துக்கு வேண்டாம். எவ்வளவு தேய்த்தும் சிவப்புப் போகாவிட்டால் நாகம் ஆழமாகப் போய்விட்டது. அப்படியே விட்டுவிடுங்கள்.

பச்சை

எல்லாரும் புளியோடு உப்பும் சேர்ப்பார்கள். மங்கலான விளக்குக்கு அது நன்றாக வேலை செய்யும். பச்சை பிடித்துக் குழி விழுந்த விளக்குக்கு உப்பைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். குழிக்குள் தங்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து ஒரு மாதத்தில் பச்சையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். வற்றாப்பளை அம்மாளுக்குக் கடல்நீரில் விளக்கு எரியும் என்பார்கள். நம் வீட்டு விளக்கு அவ்வளவு தாங்காது.

காய்ந்த பச்சையை முதலில் ஈர்க்காலும் தும்பாலும் எடுங்கள். தூள் பறக்காமல் இருக்கச் சற்று நனைத்துக்கொள்ளுங்கள், மூக்குக்குள் போகக்கூடாது. கழுவிய தண்ணீரைக் கோழி குடிக்கும் இடத்தில் ஊற்றாதீர்கள். பிறகு உப்பில்லாத புளித்தண்ணீர், ஐந்து ஐந்து நிமிடமாக. கம்பிச்சுருள் வேண்டாம், அதன் துண்டு குழிக்குள் சிக்கினால் அடுத்த வாரம் அங்கே துருப் புள்ளி நிற்கும்.

வெள்ளைப் புள்ளிகள்

எங்கள் பக்கம் பல கிணறுகளில் கல்லுத் தண்ணீர். கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைதான் விளக்கிலும் படிகிறது. கடைசிக் கழுவலுக்கு மழைத்தண்ணீர் எடுங்கள். வெயிலில் காயவிடாமல் துணியால் ஒற்றி எடுங்கள். வேறு வைத்தியம் தேவையில்லை.

வெடிப்பு

கிண்டி எடுத்த அன்று தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தேன், கணீர் என்று ஒலிக்க வேண்டியது தகரம்போல் சத்தம் போட்டது. விளிம்பில் மயிரிழை போல மூன்று வெடிப்பு. விளக்குக்கோ ஒன்றுமில்லை. அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால், அடித்தும் இழுத்தும் உருவாக்கிய பித்தளை தன்பாட்டில் வெடிக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் மழைகாலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைக் கோதுகள் இப்படித்தான் வெடித்தன. குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்று 1921 இல் விளக்கினார்கள். எங்கள் தாம்பாளத்துக்கோ அமோனியா வரும் யூரியாப் பையும் கோழிக்கூடும் இரண்டும் வாய்த்திருந்தன. விளக்கு வார்ப்பு, உள்ளே அந்த இழுவை குறைவு, அதனால் தப்பியது.

ஆகவே நெல்லுக்கு வாங்கிய யூரியா மூட்டை கிடக்கும் அறையில் தண்ணீர்ச் செம்பு, தாம்பாளம் எதையும் வைக்காதீர்கள், மாட்டுக்கொட்டில் பக்கமும் வேண்டாம். கடையில் வாங்கும் மினுக்குத் திரவத்தைத் திறந்ததும் மூக்கில் குத்தினால் அதிலும் அமோனியா இருக்கலாம்; பூசினால் அப்போதே துடைத்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த விளக்கில் தேங்காய் எண்ணெய் இரண்டு துளி தொட்டு, துணியில் ஒட்டாத அளவுக்குத் துடைத்து, பருத்திச் சீலையில் சுற்றி வையுங்கள். பொலித்தீன் பை வேண்டாம், உள்ளே வியர்க்கும்.

வெடித்த தாம்பாளத்தை ஒட்டுவிக்க நான் கொண்டுபோகவில்லை. அம்மா அதில் செவ்வரத்தம்பூ பறித்துப் போடுகிறார்.