ஹாஃப் ஒயிட் நிறத்தை வேறு கம்பெனி பெயிண்டில் பொருத்தி எடுக்கும் முறை

கீழ்வீட்டுக்கு ஒரு கம்பெனியின் பெயிண்ட் அடித்திருக்கும். சில ஆண்டுகள் கழித்து மாடி எடுக்கும்போது அந்த ஷேடு நின்றுபோயிருக்கும், அல்லது பக்கத்துக் கடையில் வேறு கம்பெனிதான் இருக்கும், அல்லது பெயிண்டர் தமக்குக் கைப்பழக்கமான பெயிண்டையே வாங்கச் சொல்வார். அடர்ந்த நீலமோ பச்சையோ என்றால் ஓரளவு நெருங்கி வந்தாலே போதும். சற்றே மஞ்சள் ஓடும் வெள்ளை, அதாவது நாம் கடையில் ஹாஃப் ஒயிட் என்றும் ஐவரி என்றும் கேட்டு வாங்கும் நிறம், அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. வெள்ளையை ஒட்டிய நிறங்களில் மிகச் சிறிய வேறுபாட்டையும் கண் பிடித்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுக்காகவும் மற்றொன்று நோய்ப்பட்ட மஞ்சளாகவும் தெரியும்.

முதலில் ஷேடின் பெயரை நம்புவதை விட்டுவிட வேண்டும். ஏசியன் பெயிண்ட்ஸ், பெர்ஜர், நெரோலாக், டூலக்ஸ், நிப்பான் ஆகிய ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி ஷேடு கார்டு உண்டு. ஒரு கார்டில் ஐவரி என்று இருப்பது மற்றொன்றில் கிரீமாக இருக்கலாம். கலவைக் கணக்கை எழுதிக்கொண்டு போய் வேறு கம்பெனியின் டிண்டிங் மிஷினில், அதாவது சாயம் கலக்கும் மிஷினில், அடிக்கச் சொல்வதும் பயன் தராது. ஹாஃப் ஒயிட் என்பது டைட்டானியம் டை ஆக்சைடு நிறைந்த வெள்ளை பேஸில், அதாவது சாயம் சேர்க்காத அடிப்படைப் பெயிண்டில், மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு போன்ற சாயங்களைச் சொட்டுக் கணக்கில் சேர்த்துப் பெறும் நிறம். ஒரு கம்பெனியின் பேஸ் சற்று நீல வெள்ளையாகவும் மற்றொன்றின் பேஸ் சற்று மங்கலாகவும் இருக்கக்கூடும்; சாயங்களின் வீரியமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே கடைக்கு எடுத்துச் செல்லத் தகுந்தது காய்ந்த பெயிண்டின் ஒரு துண்டுதான்.

அதற்கு முன் உங்கள் சுவரின் வெள்ளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய வேண்டும். பளிச்சென்ற வெள்ளை ஏ4 தாளின் நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, வெயில் நேராக விழாத சுவரில் காலை பத்து மணி வாக்கில் ஒட்டிப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது வெறும் வெள்ளையாகத் தெரிந்த சுவர், அந்தத் தாளின் நடுவே தன் உண்மைச் சாயலைக் காட்டிவிடும்: மோரில் மஞ்சள் பொடி கலந்ததுபோல் தூய மஞ்சளா, லேசான ரோஸா, எலுமிச்சைப் பச்சையா, சாம்பலா என்பது தெரியும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் கடையில் மாதிரியைப் பார்த்துத் தடுமாறும்போது அந்த ஒரு வரி கைகொடுக்கும்.

வீடே நிறத்தைத் திரிக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால், பகல் வெளிச்சம் தரையில் பட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் இளஞ்சிவப்பாக ஏறும். சன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டமோ நெல்வயலோ இருந்தால் பச்சை சேரும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிமண் என்னும் செம்மணலுக்கு எதிரே நிற்கும் சுவர் செம்மை காட்டும். இரவில் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. எரிந்தால் ஹாஃப் ஒயிட்டின் மஞ்சள் வெளுத்துத் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே சுவர் சந்தனமாகிவிடும். ஆகவே மாடியில் எந்த விளக்கு போடப் போகிறீர்கள் என்பதை நிறம் தேர்வதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.

இனித் துண்டு எடுக்கலாம். காலண்டருக்குப் பின்னால் எடுத்தால் வெளுக்காத பழைய நிறம் கிடைக்கும்; ஆனால் நீங்கள் பொருத்த வேண்டியது இன்று கண்ணுக்குத் தெரியும் சுவரோடு என்றால், திறந்த சுவரில் பீரோ மறைக்கும் ஓரத்துக்குச் சற்று வெளியே எடுப்பதே சரி. விளக்கேற்றும் இடத்தருகே புகை படிந்திருக்கும். அங்கே எடுக்கக் கூடாது. முதலில் அந்த இடத்தை நனைத்த மென்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பின்னர் பிளேடால் சதுரமாகக் கீறி, அடியில் இருக்கும் பட்டியோடு (சுவரை நிரவப் பூசும் மாவு) சேர்த்துத் தட்டையாகப் பெயர்த்தெடுங்கள். துண்டு வளைந்தாலோ உடைந்தாலோ கடையில் நிறம் படிக்கும் கருவி தப்பாகப் படிக்கும். தீப்பெட்டி அளவு இருந்தால் போதும். பெயர்த்த இடத்தைப் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுச் சரிசெய்துவிடலாம்.

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ டிண்டிங் மிஷினோடு நிறம் படிக்கும் கருவியும் வைத்திருக்கும் கடையில் துண்டைக் கொடுத்து, ஒரு தடவை மட்டும் அல்லாமல் மூன்று இடத்தில் படிக்கச் சொல்லுங்கள். கருவி காட்டும் எண்கள் 1976இல் சி.ஐ.இ. என்னும் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்த முறையிலானவை: எல் என்பது வெளிச்சத்தின் அளவு, 0 முதல் 100 வரை, ஏ கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை, பி கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம். துண்டுக்கும் கலந்த பெயிண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை டெல்டா ஈ என்பார்கள். அது 1க்குக் கீழே இருந்தால் பெரும்பாலோர் கண்ணுக்குப் புலப்படாது. 2ஐத் தாண்டினால் ஒரே சுவரில் தெரிந்துவிடும். “அண்ணாச்சி, டெல்டா ஈ எவ்வளவு காட்டுது?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், கருவி வைத்திருப்பவருக்கு அது அன்றாடக் கேள்விதான். கணினியில் வேறு கம்பெனி ஷேடுகளும் ஏற்றியிருந்தால் அதிலிருந்து தொடங்கலாமே தவிர, அதோடு நிறுத்திவிடக் கூடாது.

எவ்வளவு நல்ல கருவியானாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது வீட்டுச் சுவர்தான். ஒரு லிட்டர் மட்டும் கலந்து வாங்கி, முழங்கை நீள அட்டையின் விளிம்பு வரை வெள்ளை இடம் விடாமல் இரண்டு கோட்டிங் அடியுங்கள். வெள்ளை ஓரம் விட்டால் கண் அதோடு ஒப்பிட்டு ஏமாறும். ஈர எமல்ஷன், அதாவது நீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட், பால்போல் மங்கித் தெரியும். காயக் காயத்தான் நிறம் ஆழமாகும். எனவே ஒரு முழு நாள் காயவிட்ட பிறகே பாருங்கள். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் இரண்டு நாள் விடுவது நல்லது. அட்டையைச் சுவரோடு ஒட்டி வைத்துக் காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை, டியூப்லைட்டிலும் எல்.இ.டி.யிலும் ஒவ்வொரு தடவை பாருங்கள். பகலில் விளிம்பே தெரியாமல் கலந்த அட்டை, இரவு விளக்கில் தனியே துருத்தி நிற்பதுண்டு. இரண்டு கம்பெனிகளின் சாயப் பொருள்கள் வேறு வேறாக இருப்பதால் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் மறு வெளிச்சத்தில் வேறாகவும் தெரிகின்றன. எல்லா வெளிச்சத்திலும் நூற்றுக்கு நூறு பொருத்தம் கிடைக்காமல் போகலாம். அப்போது அந்த அறையில் நீங்கள் அதிகம் உட்காரும் நேரத்து வெளிச்சத்துக்குப் பொருந்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் தேவைப்பட்டால் சேர்க்கத்தான் முடியும், எடுக்க முடியாது என்பதை மனத்தில் வைக்க வேண்டும். ரோஸ் அடித்தால் பச்சையில் ஒரு துளி, பச்சை அடித்தால் சிவப்பு ஆக்சைடில் ஒரு துளி, பளிச்சென்று இருந்தால் கறுப்பில் ஒரு துளி என்று மிஷினிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் மிகுந்துவிட்டால் வெள்ளை பேஸைக் கூட்டுவதே வழி. வீட்டில் ஸ்டெயினர் என்னும் சாயப் பாட்டிலைக் கையில் எடுத்துத் தட்டுவது ஹாஃப் ஒயிட்டுக்கு ஆகாது. ஒரு லிட்டரில் ஒரு துளி கூடினாலும் நிறம் தாண்டிவிடும். இதே காரணத்தால், ஒரு லிட்டரில் பொருந்திய கலவை 20 லிட்டர் வாளியில் இம்மி பிசகக்கூடும். பெரிய வாளி வந்ததும் அதிலிருந்தும் ஓர் அட்டை அடித்துப் பாருங்கள்.

மினுக்கமும் ஒத்திருக்க வேண்டும். பழைய சுவர் மினுக்கமில்லாத மேட் ஆக இருந்து புதியது சற்று மினுமினுத்தால், நிறம் ஒன்றாக இருந்தும் இரண்டாகத் தெரியும். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது ஆறவிட்டு, பட்டி பார்த்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகே நிறம் பூசுங்கள். நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்த பழைய சுவராக இருந்தால் அந்தச் சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டிவிட வேண்டும்; அது கிடந்தால் எமல்ஷன் பிடிக்காது, ஒரு கோட்டிங் மட்டும் அடித்தால் நீலமும் மேலே எட்டிப் பார்க்கும்.

வாங்கிய வாளிகளை எல்லாம் ஒரு பெரிய டிரம்மில் ஊற்றிக் கலக்கிய பின்பே அடிக்க வேண்டும். வாளிக்கு வாளி இருக்கும் சிறு வேறுபாடு அதில் கரைந்துவிடும். பழைய பெயிண்டும் புதுப் பெயிண்டும் சுவரின் நடுவில் சந்திக்கக் கூடாது. மூலையிலோ தூண் ஓரத்திலோ கதவு நிலையிலோ நிறுத்தினால், மிச்சமுள்ள வேறுபாட்டை நிழலே மறைத்துக்கொள்ளும். இரண்டு சுவர்கள் வெவ்வேறு கோணத்தில் வெளிச்சம் வாங்குவதால் மூலையில் கண் ஒப்பிடாது. சித்திரை வெயிலில் சன்னலைத் திறந்து வைத்து அடித்தால் ரோலர் ஓரம் உடனே காய்ந்து பட்டை பட்டையாக நிற்கும். அதை நிறக் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது வீண். ஒரு சுவரை இடையில் நிறுத்தாமல் முடித்துவிடுங்கள்.

கதவு, சன்னலுக்கு எண்ணெய் எனாமல் அடித்தால் இருட்டான அறையில் அது நாள்போக்கில் மஞ்சளிக்கும்; நீரில் கரையும் எனாமல் அவ்வளவு மஞ்சளிப்பதில்லை. கிரில்லுக்குப் பவுடர் கோட்டிங் கொடுப்பவர்கள் ஆர்.ஏ.எல். என்னும் பொது நிறக் கார்டின் எண் கேட்பார்கள்: 9001 கிரீம் வெள்ளை, 1013 அதைவிடக் கனத்த வெள்ளை, 1015 வெளிர் ஐவரி. உங்கள் அட்டையை அந்தக் கார்டின் மேல் வைத்து நெருங்கியதைச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் வாளி மூடியில் ஒட்டியிருக்கும் டிண்டிங் சீட்டைப் படம் எடுத்து, கம்பெனி, பெயிண்டின் வகை, பேஸ், கலவை, பேட்ச் எண், அடித்த தேதி ஆகியவற்றை மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். மிச்சப் பெயிண்டைச் சிறிய டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். டச்சப்புக்கு எடுக்கும்போது வடிகட்டிப் பயன்படுத்துங்கள்.